அறுத்தவர்களின் கூலி: நீலகிரித் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீலகிரி மாவட்டத்துத் திருச்சபைகளின் ஆயர்கள், பங்குத்தந்தையர், சபை ஊழியர்கள், குருசேகரக் குழுவினர், பங்குப் பேரவையினர், மூப்பர்கள்.

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் பந்தலூர் வட்டத்தில், சேரம்பாடிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் வளர்ந்தவள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். சபையில் எனக்கு எந்தப் பதவியும் இல்லை. பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி. சொல்ல வேண்டியதை உங்களில் சிலரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டீர்கள், ஜெபத்தில் வைப்போம் என்றீர்கள். ஜெபம் வேண்டும். அதற்கு மேலும் வேண்டும் என்பதால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நம் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் இன்று கொழுந்து எடுப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த ஆதிவாசிக் குடும்பங்கள். முண்டா, ஒராவோன், காடியா, சந்தால் மக்கள். அவர்களில் நிறையப் பேர் நம்மைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். லூத்தரன் சபையார், கத்தோலிக்கர். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய லைன்களில் அவர்களைப் பார்க்கலாம். நம் ஆலயத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள். நமக்கு அவர்கள் பெயர் தெரியாது. அவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்றும் தெரியாது. இரண்டும் ஒரே குறைதான் என்பது என் எண்ணம்.

எங்கள் பகுதியில் ஒரு தேவாலயம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடப்பது பல இடங்களில் நடப்பதுதான். ஞாயிறு காலை இந்தக் குடும்பங்கள் வந்து கடைசி பெஞ்சிலும் வராந்தாவிலும் உட்காருவார்கள். பாட்டு புரியாது, ஆனாலும் எழுந்து நிற்பார்கள். ஆராதனை முடிந்ததும் நாம் கைகுலுக்கிக்கொள்கிற அந்தப் பத்து நிமிடத்தில் அவர்களோடு பேச ஆள் இருக்காது. பிறகு குழுவில் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள்: மதியம் மூன்று மணிக்கு, பின்னாலுள்ள ஷெட்டில், இந்தி ஜெபக்கூட்டம். கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு இளம் தாய் தன் குழந்தைக்குக் காலை ஆராதனையில் எல்லாருக்கும் முன்பாக ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். சந்தாப் புத்தகத்தில் பெயர் இல்லை என்று பதில் வந்தது.

அன்பானவர்களே, கம்பளியை நான் குறை சொல்லவில்லை. ஜூன், ஜூலை மழையில் பந்தலூர் லைன் வீட்டுச் சுவர் எப்படி ஈரம் குடிக்கும் என்று அறிந்தவள் நான். அந்தக் கம்பளியால் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். ஆனால் கம்பளி கொடுத்த அதே கைகள்தான் அவர்களை ஷெட்டுக்கு அனுப்பின.

நம் சபைகளில் ஆண்டின் பெரிய நாள் அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றி கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், வாழைத்தார், குறுமிளகு, தேயிலைத் தூள் பொட்டலங்கள் எல்லாம் அடுக்குவோம். ஆராதனைக்குப் பின் ஏலம், அதற்குப் பின் அசனம் என்கிற பொது விருந்து. ஒரு சாதாரணப் பூசணிக்காயைப் போட்டி போட்டுக்கொண்டு ஏலம் கேட்டு, அதன் விலையைப்போல் பல மடங்கு கொடுத்து மகிழ்ச்சியாக எடுத்துப் போவார்கள். ஏலம் கேட்கிறவர்களில் எஸ்டேட் முதலாளிகள் உண்டு, இலை வாங்கும் ஃபாக்டரி வைத்திருப்பவர்கள் உண்டு, தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும், ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர்களும் உண்டு. இவர்கள் கெட்டவர்கள் அல்ல. பலருடைய பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆலயத்துக்குக் கூரை போட்டதும் இவர்கள்தான். ஆனால் பீடத்தருகே வைத்த அந்தத் தேயிலையைக் கிள்ளியவள் அசன வரிசையில் எங்கே நிற்கிறாள் என்று ஒருமுறையாவது தேடிப் பாருங்கள்.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை அறுப்பின் பண்டிகையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது." அறுப்பு என்கிற சொல் வருகிற வசனங்களையெல்லாம் தேடி எடுத்துப் பண்டிகைக்குப் பயன்படுத்துகிற நாம் இதை மட்டும் விட்டுவிடுகிறோம். வரும் ஆண்டில் இதையே பிரசங்க வசனமாக வையுங்கள் என்பது என் முதல் விண்ணப்பம்.

கூலி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று கேட்பீர்கள். லைன்களில் உட்கார்ந்து பேசியபோது அவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வரும்போதே ரயில் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஏஜெண்ட் முன்பணம் கொடுத்திருப்பார். அது வாராவாரம் கூலியில் கழியும்; எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் கிடையாது. எடை குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான்; அதாவது அரை நாள் கூலிதான். தராசைப் பார்த்துக் கேட்க மொழி இல்லை. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் என்றால் என்னவென்றே சிலருக்குத் தெரியவில்லை. பெரிய எஸ்டேட்டின் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் நிலைமை பரவாயில்லை. காண்ட்ராக்டரிடம் இருப்பவர்களும், சின்னச் சின்னத் தோட்டங்களில் இன்று இங்கே நாளை அங்கே என்று போகிறவர்களும்தான் படாதபாடு படுகிறார்கள்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லாமல் இல்லை. தோட்டத் தொழிலாளர்க்கு வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வெளிமாநிலத் தொழிலாளியைக் கொண்டுவரும் காண்ட்ராக்டர் உரிமம் பெறவேண்டும், தொழிலாளிக்குப் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தரவேண்டும், பயணப்படி தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தப் பாஸ்புத்தகத்தை வைத்திருக்கும் ஒரு தொழிலாளியை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டமோ குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டத்தைத்தான் கட்டுப்படுத்தியது. சிறு தோட்டத்துக் கூலியாள் அதற்கு வெளியே நின்றார். சிறு விவசாயியின் கஷ்டத்தையும் நான் அறிவேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லாமல் எத்தனை குடும்பங்கள் நொடிந்துபோயின என்பது உங்களுக்கும் தெரியும். விலை கேட்டு அவர்கள் போராடும்போது சபை கூட நிற்க வேண்டும். அவர்கள் நஷ்டத்தை அவர்களைவிட ஏழையின் கூலியில் ஈடுகட்டுவதை மட்டும் சபை ஏற்கக் கூடாது.

இதை எழுத எனக்கு என்ன உரிமை என்றால், நான் யாருடைய பிள்ளை என்பதுதான்.

என் தாய் தகப்பன் இலங்கை மலையகத்தில் பிறந்தவர்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரின் தலைவிதி அதில் எழுதப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களில் ஒருவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, தகரப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு வேலை கொடுக்கவென்று அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எங்களைக் குடியேற்றிய காட்டில் ஆதிவாசிகளான பணியரும் காட்டுநாயக்கரும் எங்களுக்கு முன்னமே இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களுக்கு நம் சபைகள் பட்டிருக்கும் கடன் இன்னொரு மடலுக்கு உரிய பொருள்.

வந்த புதிதில் எங்களைச் 'சிலோன்காரன்' என்றார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்றார்கள். கடையில் கடன் தர மாட்டார்கள். இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்பார்கள். இன்று ஜார்க்கண்ட் பையனைப் பார்த்து நம் சபை மக்கள் 'வடக்கன்' என்று சொல்லும்போது, 'சிலோன்காரன்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அது புதிதாகப் படவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் எத்தனை சபைகள் எங்கள் மக்களால் எழும்பின என்று எண்ணிப் பாருங்கள். ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், ஞாயிறு பள்ளி நடத்தியவர்கள், இன்று ஆயர்களாக இருப்பவர்கள், எத்தனை பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள்! "நீங்களும் எகிப்து தேசத்தில் அந்நியராயிருந்தபடியால், அந்நியரைச் சிநேகிப்பீர்களாக" என்று உபாகமம் சொல்வது நம் சபைகளுக்கென்றே எழுதிவைத்தது போல இருக்கிறது.

இலங்கையில் மிஷனரிகள் எங்கள் முன்னோரிடம் வந்ததே தோட்ட வழியாகத்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே தொடங்கிய ஊழியத்துக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றுதான் பெயர். தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். சுவிசேஷம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, நன்றியோடு நினைக்கிறேன். கூலியைப் பற்றிய கேள்வி வரவில்லை. வந்திருந்தால் துரைமார் பணம் நின்றிருக்கும். பிற்காலத்தில் வேறுவிதமான ஊழியர்களும் எழும்பினார்கள். கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் தன் வாழ்நாளைச் செலவிட்டார். அப்படிப்பட்ட ஊழியமும் நம் விசுவாசத்திலிருந்துதான் புறப்பட்டது. இந்த இரண்டு மாதிரிகளில் எதை நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

இப்போது அந்த ஜார்க்கண்ட் மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அவர்கள் பாவம் ஒன்றும் தெரியாதவர்கள், நாம் போய்த்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவர்களுடைய சபையின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

ராஞ்சி இருக்கும் சோட்டாநாக்பூர்ப் பகுதிக்கு ஜெர்மனியின் கோஸ்னர் மிஷன் ஊழியர்கள் 1845இல் வந்தார்கள். 1919இலேயே அந்த லூத்தரன் சபை வெளிநாட்டு நிர்வாகத்தை விட்டுத் தன்னாட்சி பெற்றுவிட்டது. நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல். கத்தோலிக்க வரலாறு இன்னும் கவனிக்கத் தக்கது. 1885இல் ராஞ்சிப் பக்கம் போய்ச் சேர்ந்த பெல்ஜியம் நாட்டுக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்கள் முண்டாக்களின் நிலத்தைப் பிடுங்குவதையும் கூலியில்லாமல் வேலை வாங்குவதையும் பார்த்தார். நிலச் சட்டத்தையும் முண்டா மக்களின் வழக்கங்களையும் உட்கார்ந்து படித்தார். நிலக் குத்தகைக்கு ரசீது கேட்கச் சொல்லிக் கொடுத்தார், வழக்குப் போட உதவினார். பல்லாயிரக்கணக்கான மக்கள் சபையில் சேர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். உடல் நலம் கெட்டு ஊர் திரும்பி 1893இல் இறந்தார். அவருக்குப் பின் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்கிற குரு முண்டாக்களின் நில உரிமையை எழுதி எழுதி அரசுக்கு விளக்கினார். ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்கும் 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டே கடன்காரனிடமிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்.

மிஷனரிகள் எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மிஷன் பள்ளியில் படித்த பிர்சா முண்டா மிஷனைவிட்டு வெளியேறித்தான் மக்களைத் திரட்டினார். 1900 ஜூனில் ராஞ்சி சிறையில் இறந்தார். வெள்ளையரின் அரசும் வெள்ளையரின் சபையும் ஒன்றே என்று அந்த மக்கள் நினைக்க இடம் கொடுத்ததும் சபைதான். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் முன்னோரைக் கங்காணிகள் இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அதே காலத்தில் இவர்களுடைய முன்னோரை ஆள்பிடிகாரர்கள் அசாம் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே தேயிலை, ஒரே முதலாளி வர்க்கம். ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழின் குடும்பத்தைச் சேர்ந்த திராவிட மொழி என்பதைக்கூட நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நிலத்துக்காகச் சபை நீதிமன்றம் ஏறிய வரலாற்றைச் சுமந்துகொண்டு ஒரு கூட்டம் நம் மலைக்கு வந்திருக்கிறது. அவர்களை ஷெட்டில் உட்கார வைத்துவிட்டு, நாம் உள்ளே அவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களில் சிலர் என்னிடம் சொன்ன தடைகளுக்கு வருகிறேன்.

சபைக்குள் அரசியல் வேண்டாம் என்றீர்கள். லூக்கா 4ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பார்க்கும்படி தாழ்மையாகக் கேட்கிறேன். தரித்திரருக்குச் சுவிசேஷம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று ஆண்டவர் நாசரேத்து ஜெப ஆலயத்தில் வாசித்தபோது எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. எப்போது கோபம் வந்தது? இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருக்க எலியா சீதோன் நாட்டுச் சாறிபாத்து விதவையிடம் அனுப்பப்பட்டான், எத்தனையோ குஷ்டரோகிகள் இருக்க சீரியனாகிய நாகமான்தான் சுத்தமானான் என்று அவர் சொன்னபோது. வெளியூர்க்காரரைச் சொன்னதும்தான் எழுந்தார்கள். ஊருக்கு வெளியே மலைச் செங்குத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தார்கள். ஏழைகளைப் பற்றிப் பொதுவாகப் பேசும் பிரசங்கத்தை எந்தச் சபையும் தாங்கும். பக்கத்து லைனில் இருக்கும் இன்ன ஊர்க்காரருக்கு இன்ன கூலி கொடுக்கப்படவில்லை என்று சொன்னால்தான் மூப்பர்களின் முகம் மாறும். அந்த இடம்வரை ஆண்டவர் போனார்.

நம் ஆயர்களில் பலர் மதுரை அரசரடியில் இறையியல் படித்தவர்கள். தலித் இறையியலையும் விடுதலை இறையியலையும் அங்கே பாடமாகப் படித்துத் தேர்வு எழுதினீர்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு 13ஆம் லியோ பாப்பரசர் 1891இல் தொழிலாளரின் நியாயக் கூலியைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலிருந்து தொடங்கும் சமூகப் போதனை நன்றாகத் தெரியும். நீங்கள் படித்த அந்த ஏழைகள் இப்போது உங்கள் குருசேகர எல்லைக்குள், உங்கள் பங்கின் எல்லைக்குள் குடியிருக்கிறார்கள். இதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

அவர்கள் வந்ததால்தான் நம் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை என்பது இரண்டாவது தடை. இதை லேசாகத் தள்ள மாட்டேன். என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் தோட்ட வேலையைவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன பிறகுதான் இவர்கள் வந்தார்கள். போன காரணம் கூலி போதாததுதான். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பது யாருக்கு லாபம்? கிள்ளுகிறவளுக்கு அல்ல. தமிழருக்கும் ஜார்க்கண்ட்காரருக்கும் ஒரே கூலி, ஒரே தராசு, ஒரே சம்பளச் சீட்டு என்று ஆகிவிட்டால், ஒருவரைக் காட்டி மற்றவரின் கூலியை அமுக்க முடியாது. அவர்களுக்காகப் பேசுவது நம் மக்களுக்காகவும் பேசுவதுதான். தொழிற்சங்கங்கள் இதைச் செய்ய வேண்டும், செய்யப் பார்க்கும் சங்கங்களும் உண்டு. முதலாளியும் காண்ட்ராக்டரும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் முழங்கால் போடுகிற இடம் ஆலயம் ஒன்றுதான். அங்கே பேச முடிந்ததை வேறு எங்கும் பேச முடியாது.

மூன்றாவது, மதமாற்றம் என்று பழி வரும் என்கிற பயம். இன்றைய நாட்டு நிலையில் அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் சொல்கிறேன்: லைனில் இருக்கும், ஆதிவாசிகளின் சொந்த வழிபாடான சர்னாவைப் பின்பற்றுகிறவரையோ இந்துவையோ முஸ்லிமையோ கிறிஸ்தவராக்கப் போகாதீர்கள். சம்பளச் சீட்டு கேட்க ஞானஸ்நானம் தேவையில்லை. நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் அவனுடைய மதத்தைக் கேட்டுவிட்டு எண்ணெய் வார்க்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக, வெளிப்படையாக, வருவாய்த் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் தெரியச் செய்தால் பழி சொல்ல இடம் குறையும். மீறியும் வந்தால், அந்தப் பழியை ஏற்றுக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 10ஆம் தேதி நம் சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. அந்தப் போராட்டம் எனக்கு உயிர். என் குடும்பமே அதில் பாதிக்கப்பட்டது. ஜார்க்கண்டில் பழங்குடிச் சான்று பெற்ற முண்டாவுக்குத் தமிழ்நாட்டில் அந்தச் சான்று செல்லாது, ஏனென்றால் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சான்று இல்லாததால் என்னவெல்லாம் இழக்க நேரும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? டெல்லியைப் பார்த்துக் கேட்கும் நீதியை நம் பெஞ்சுகளிலும் கேட்க வேண்டாமா? சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்த, இன்னும் சில ஊர்களில் வைத்திருக்கிற தமிழ்க் கிறிஸ்தவம், மொழிக்கொரு ஷெட் என்று அதே பாவத்தை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஷெட்டை மூடுங்கள். காலை ஆராதனையிலேயே ஒரு வேதபாடத்தை அவர்கள் தங்களுக்குள் பொதுவாகப் பேசும் சாத்ரி மொழியிலோ இந்தியிலோ அவர்களில் ஒருவர் வாசிக்கட்டும்; ஒரு பாட்டு அவர்கள் பாட்டாக இருக்கட்டும், மாந்தர் மேளத்தோடு. நமக்குப் புரியாத அந்தச் சில நிமிடங்கள், வாரம் முழுவதும் அவர்கள் அனுபவிப்பதை நமக்குக் கொஞ்சம் உணர்த்தும். சந்தா நிபந்தனையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எடுத்துவிடுங்கள். முக்கியமாகக் கல்லறைத் தோட்ட விஷயத்தில் எடுத்துவிடுங்கள். விடியலில் வேலைக்குப் போகும் வழியில் யானை அடித்தோ காய்ச்சலிலோ ஒருவர் இறந்தால், உடலை ஜார்க்கண்டுக்கு அனுப்ப ஆகும் பணம் அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு கடனில் தள்ளும். இங்கேயே அடக்கம் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஆறடி மண் இல்லை என்று எந்தக் குழுவும் சொல்லக் கூடாது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளி நிர்வாகங்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டுகின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வரவிடுங்கள் என்றவருடைய வார்த்தை கட்டாயப்படுத்தும். தமிழ் தெரியாத பிள்ளை ஒன்றிரண்டு மாதத்தில் பேசிவிடும், பார்த்திருக்கிறேன். அண்ணனை வகுப்பில் சேர்த்தால் தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் உண்மையான தடை. அதற்கு ஆலயத்தின் வேதாகமப் பள்ளி அறை வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்கிறது.

கூலி விஷயத்தில் ஆலயத்திலிருந்தே தொடங்குங்கள். சபை உறுப்பினர்களான தோட்டக்காரர்களையும் காண்ட்ராக்டர்களையும் ஆயர் தனித்தனியாகச் சந்திக்கட்டும். சீட்டு கொடுக்கிறீர்களா, முன்பணக் கணக்கு எழுத்தில் இருக்கிறதா, எல்லாருக்கும் ஒரே கூலியா என்று சகோதரனாகக் கேட்கட்டும். கேட்டும் கொடுக்காதவரிடமிருந்து ஏலப் பணம் வாங்குவதா என்பதைக் குழு தீர்மானிக்கட்டும். சபைக்குச் சொந்தமாகத் தோட்டமோ பள்ளியோ மருத்துவமனையோ இருந்தால் முதல் சீட்டு அங்கிருந்து வரட்டும். ரேஷன் அட்டையை எந்த மாநிலத்திலும் பயன்படுத்தலாம் என்கிற திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் இருக்கிறது. அதைக் கடையில் கேட்டு வாங்கக் கூடப் போக வாலிபர் ஐக்கியத்தில் நான்கு பிள்ளைகள் போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது இந்த மக்கள் எப்படி நடுங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியொரு நாள் மறுபடி வந்தால் அவர்கள் முதலில் ஓடிவர வேண்டிய வீடு ஆயர் வீடாக இருக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி வேண்டிக்கொள்கிறேன். என்னை அழைத்தால் வந்து பேசுகிறேன். அதைவிட அவர்களையே அழைத்துப் பேசவிடுவது நல்லது. எங்கள் பகுதிப் பள்ளியில் சாத்ரியும் தமிழும் சரளமாகப் பேசுகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மொழிபெயர்க்க அவர்கள் போதும். லைனுக்கு வர விரும்பும் ஆயர்கள் ஞாயிறு மதியம் வாருங்கள், அப்போதுதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். யானை இறங்கும் பாதை அது. நான் கூட வந்து வழி காட்டுகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளரின் மகள்,
பந்தலூர் வட்டம், நீலகிரி